நல்லூர் டைலரின் ஓட்டு

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நல்லூர்ப் பக்கம் காங்கேயம் ரோட்டில் நடந்தால் திருப்பூரின் வரவு செலவு தெருவிலேயே தெரியும். வாரச் சம்பளம் வந்திருக்கும். பேக்கரியில் நிற்க இடமிருக்காது. மளிகைக் கடையில் பாக்கி நோட்டு விரிந்து கிடக்கும். அப்படி ஒரு சாயங்காலம், பதினாறு வருஷமாகப் பேட்லாக் மெஷினில் உட்காரும் ஓர் அக்கா தன் செல்போனை என்னிடம் நீட்டினார். பி.எஃப். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். போனை வாங்கிக்கொண்டவர், "எங்க காசைப் புடிச்சு வெச்சு அவிங்க என்னதானுங்ணா பண்றாங்க?" என்று கேட்டார்.

பி.எஃப். பணம் அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். அது பாதி உண்மைதான். அவர் சம்பளத்தில் பிடிக்கிற 12 சதவீதமும் கம்பெனி போடுகிற பங்கில் ஒரு பகுதியும் வருங்கால வைப்பு நிதிக்குப் போகின்றன. அதில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களிலும் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. ஆனால் 2015 ஆகஸ்ட் முதல் ஒரு பங்கு, பங்குச் சந்தைக்கும் போகிறது. புதிதாகச் சேரும் பணத்தில் 5 சதவீதம் என்று தொடங்கி, 10 ஆகி, 2017இல் 15 ஆனது. நிஃப்டி, சென்செக்ஸ் பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் இ.டி.எஃப். நிதிகளில் அந்தப் பணம் உட்கார்ந்திருக்கிறது. எஸ்.பி.ஐ., யூ.டி.ஐ. போன்ற மியூச்சுவல் ஃபண்டுகள் அதை நடத்துகின்றன.

ஆக, ஓவர்லாக் அடிப்பவரும் பேட்லாக் அடிப்பவரும் செக்கிங் பார்ப்பவரும், பி.எஃப். பிடிக்கிற கம்பெனியில் இருந்தால், நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகளில் ஒரு துளிப் பங்குக்கு உடைமைக்காரர்கள். பங்கு இருந்தால் ஓட்டு உண்டு. அந்த ஓட்டை யார், எப்படிப் போடுகிறார்கள் என்பதைத்தான் வணிகப் பத்திரிகைகள் 'நிறுவன முதலீட்டாளர்களின் செயல்பாடு' என்று எழுதுகின்றன. அதை மும்பையிலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். நான் நல்லூரிலிருந்து பார்க்கிறேன்.

ஓட்டு எப்படி வேலை செய்யும் என்பதற்கு 2021 ஆகஸ்ட் 17ஐ எடுத்துக்கொள்ளலாம். ராயல் என்ஃபீல்டு புல்லட்டைச் செய்யும் ஐஷர் மோட்டார்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டம். சென்னையில் 1955இல் தொடங்கிய வண்டி அது. நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலை மறுபடி நியமித்து, அவர் சம்பளத்தையும் உயர்த்த ஒரு சிறப்புத் தீர்மானம் வந்தது. சிறப்புத் தீர்மானம் நிறைவேற நூற்றுக்கு 75 பங்கு ஓட்டு வேண்டும். கிட்டத்தட்ட 73தான் கிடைத்தது. கம்பெனியில் பாதிக்குப் பக்கம் லால் குடும்பத்தின் கையில். அந்த ஓட்டையும் சேர்த்துத்தான் இந்த 73. மியூச்சுவல் ஃபண்டுகளும் வெளிநாட்டு நிதிகளும் கணிசமாக எதிர்த்துப் போட்டால்தான் கணக்கு இப்படி வரும். அவர் வேலையில் நீடிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, சம்பளத்தில்தான் இருந்தது. கம்பெனி இறங்கி வந்தது. நியமனத்தையும் சம்பளத்தையும் தனித்தனித் தீர்மானமாகப் பிரித்து, சம்பளத்துக்கு முன்பைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்து மறுபடி கேட்டது. நிறைவேறியது.

ஐஷர் அப்போது நிஃப்டியில் இருந்த கம்பெனி. அதாவது அக்காவின் காசும் அந்த ஓட்டுப் பெட்டிக்குள் ஏதோ ஒரு பக்கம் விழுந்திருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பழக்கம் வயதில் சின்னது. மியூச்சுவல் ஃபண்டுகள் பொதுக்கூட்டத்தில் எப்படி ஓட்டுப் போட்டன என்பதை வெளியே சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்ததே 2010இல்தான். அதுவரை பெரும்பாலும் போடாமலேயே இருந்தார்கள். பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டுப் போவது சுலபம்; முதலாளியைப் பகைத்துக்கொள்வது தொல்லை. 2014இல் டாடா மோட்டார்ஸின் மேலதிகாரிகள் மூவரின் சம்பளத் தீர்மானங்கள் தோற்றபோதுதான் பலரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு 2017இலும், பென்ஷன் நிதிகளுக்கு 2018இலும், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 2019 டிசம்பரிலும் பொறுப்பு நெறிகள் வந்தன. முதலீடு செய்த கம்பெனியைக் கண்காணி, தேவைப்பட்டால் போய்ப் பேசு, ஓட்டுப் போடு, போட்டதற்குக் காரணம் சொல் என்பது அவற்றின் சாரம். செபியின் 2021 மார்ச் சுற்றறிக்கை ஒன்று, இ.டி.எஃப். மாதிரி சும்மா பட்டியலைப் பின்பற்றும் நிதிகளும் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும் என்றது. அக்காவின் ஓட்டு கட்டாய ஓட்டானது அன்றுதான்.

இத்தனை ஓட்டும் பெரும்பாலும் எதைப் பற்றி? சம்பளம், மகன் பதவிக்கு வருவது, சொந்தக்காரர் கம்பெனியோடு செய்யும் வியாபாரம், தணிக்கையாளர் நியமனம். பங்குதாரர் பணத்தை முதலாளி குடும்பம் எடுத்துக்கொள்ளாமல் பார்ப்பது அவசியமான வேலைதான். தொழிலாளியும் ஆறும் காற்றும் அந்தத் தீர்மானப் பட்டியலில் அரிதாகவே வரும்.

அப்படியே வந்தாலும் நல்லூருக்கு என்ன? 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த இந்த ஊரில் சுற்றி வந்து பாருங்கள். போர்டுகளில் 'நிட்வேர்', 'கார்மெண்ட்ஸ்', 'எக்ஸ்போர்ட்ஸ்', 'எம்பிராய்டரி', 'காம்பாக்டிங்' என்று இருக்கும். பங்குச் சந்தையில் பெயருள்ள கம்பெனியைத் தேடத்தான் வேண்டும். வட்டாரத்தில் சில உண்டு. அவிநாசியிலிருந்து நடக்கும் எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016இல் பங்கு வெளியிட்டது. மற்றபடி தனியாள் கம்பெனி, பங்காளி கம்பெனி, மாமன் மச்சான் சேர்ந்த பார்ட்னர்ஷிப், குடும்பத்துக்குள் முடியும் பிரைவேட் லிமிடெட். இந்த முதலாளிமாரில் பலர் ஒரு காலத்தில் மெஷினில் உட்கார்ந்தவர்கள். புவியியல் ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'சகோதர மூலதனம்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தது இதைப் பார்த்துத்தான். இங்கே ஆண்டுப் பொதுக்கூட்டம் சாப்பாட்டு மேசையில் நடக்கும். தீர்மானம் தோற்றால் பாகப்பிரிவினை.

கம்பெனியும் ஒரு கூரைக்குள் இருப்பதில்லை. ஆர்டர் எடுப்பவர் ஒருவர். நூல் ஓரிடத்தில் வாங்கி, வேறிடத்தில் நிட்டிங் ஓட்டி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, கட்டிங் முடித்து, தைப்பதற்குப் பவர் டேபிள்காரரிடம் ஜாப் ஒர்க் கொடுப்பார்கள். பவர் டேபிள் என்றால் வாடகை ஷெட்டில் இருபது முப்பது மெஷின், பீஸ் ரேட், சீசனில் ஒன்றரை ஷிப்ட். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்துப் பங்குதாரர் கேள்வி கேட்பார்?

மேல்நுனியில் கேட்கலாம் என்பது வழக்கமான பதில். துணி வாங்கும் பிராண்டுகள் லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் பட்டியலிடப்பட்டவை. அவற்றின் பங்குகள் ஆசிரியர்களின், செவிலியர்களின் பென்ஷன் நிதிகளில் இருக்கின்றன. நிதி பிராண்டைக் கேட்கும், பிராண்டு எக்ஸ்போர்ட்டரைக் கேட்கும். இது நடக்காததல்ல. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபோது, அமெரிக்காவின் சமயச் சார்புள்ள முதலீட்டாளர் கூட்டமைப்பான ஐ.சி.சி.ஆர். பெரிய நிதிகளைத் திரட்டி, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் சேருங்கள் என்று பிராண்டுகளை நெருக்கியது. தமிழ்நாட்டு நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' பற்றி நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் அந்நாட்டிலேயே இயங்கும் 'இந்தியக் குழு' அமைப்பும் 2011இல் அறிக்கை வெளியிட்ட பிறகு, கல்யாணச் செலவுக்கென்று மூன்று வருஷச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் அந்த முறை ஐரோப்பிய பிராண்டுகளுக்குத் தலைவலியானது.

ஆனால் அந்த மேல்நுனியைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எச் அண்ட் எம்மின் ஓட்டுகளில் பெரும்பான்மை பெர்சோன் குடும்பத்திடம். ஜாராவின் தாய்க் கம்பெனியில் பாதிக்கு மேல் அமான்சியோ ஒர்தேகாவிடம். பிரைமார்க்கின் தாய்க் கம்பெனியில் பாதிக்கு மேல் வெஸ்டன் குடும்பத்தின் கையில். கேப் கம்பெனியில் ஃபிஷர் குடும்பம். கடல் தாண்டிப் போய்ப் பார்த்தால் அங்கேயும் பங்காளி கம்பெனிதான்; போர்டு மட்டும் பெரிது. பென்ஷன் நிதி எழுதும் கடிதம் மரியாதையோடு படிக்கப்படும். தீர்மானமாக வந்தால் தோற்கும்.

கடிதத்தின் விளைவு நல்லூருக்கு வரும்போது அதன் பெயர் 'ஆடிட்'. "நாளைக்கு ஆடிட்" என்றால் ஷெட்டில் ஒரு பரபரப்பு. தீயணைப்பான் துடைக்கப்படும். அவசர வழியில் அடுக்கிய பீஸ் மூட்டை நகரும். மாஸ்க்கும் ஊசிக் காப்பும் விநியோகமாகும். சுவரில் பையரின் நடத்தை விதிகள் லேமினேட் செய்து தொங்கும். யாரோ வரிக்கு வரி பெயர்த்த தமிழில் 'கூட்டம் சேரும் சுதந்திரம்' என்று ஒரு வரி இருக்கும். அது சங்கம் வைக்கும் உரிமை என்று அதன் கீழே உட்கார்ந்து தைப்பவருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் செலவு யாருடையது? எக்ஸ்போர்ட்டருடையது. பீஸ் விலையை அதற்காக பையர் ஏற்றித் தருவதில்லை என்பது இங்கே டீக்கடையிலும் தெரிந்த விஷயம். செலவு கீழே இறங்கி, பவர் டேபிள்காரரின் ரேட்டில் போய் முட்டும்.

நிறுவன முதலீட்டாளர் திருப்பூருக்குள் நேராகவே வந்து உட்கார்ந்த கதை ஒன்று உண்டு. அது துணியில் இல்லை, தண்ணீரில். 1990களில் சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரில் ஓடின. கிணறுகள் உப்பாகிவிட்டன. அப்போது தமிழ்நாடு அரசும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் மும்பையின் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனமும் சேர்ந்து 1995இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியைத் தொடங்கின. பவானிக்குப் பக்கத்தில் காவிரியில் எடுத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அரசும் தனியாரும் சேர்ந்து நாட்டில் செய்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டம் என்று கருத்தரங்குகளில் காட்டப்பட்டது. சாயப்பட்டறை கிலோலிட்டருக்கு 45 ரூபாய் கொடுக்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் மலிவாகத் தண்ணீர் போகும் என்பது கணக்கு. காகிதத்தில் அழகான கணக்கு. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டபோது 45 ரூபாய் கொடுக்க ஆளில்லை.

அந்தத் தண்ணீர்க் கம்பெனியின் பின்னால் நின்ற ஐ.எல். அண்ட் எஃப்.எஸ்.ஸின் உடைமைக்காரர்கள் யார்? கால் பங்கு எல்.ஐ.சி.; சரியாகச் சொன்னால் 25.34 சதவீதம். ஜப்பானின் ஓரிக்ஸ் 23.54. அபுதாபியின் அரசு நிதி 12.56. பிறகு எச்.டி.எஃப்.சி., சென்ட்ரல் பேங்க், ஸ்டேட் பேங்க். எந்தக் குடும்பத்தின் பிடியிலும் இல்லாத கம்பெனி. நிறுவன முதலீட்டாளர்கள் கூடி நடத்தும் கம்பெனி எப்படி இருக்கும் என்று பாடம் எழுத இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இயக்குநர் குழுவில் அவர்களின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலே தாய்க் கம்பெனி. கீழே மகள், பேத்தி என்று 300க்கும் மேற்பட்ட கம்பெனிகள். மொத்தக் கடன் 90,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2018 ஆகஸ்ட் வரை மிக உயர்ந்த கடன் தரம். செப்டம்பரில் தவணை கட்ட முடியவில்லை. அக்டோபர் 1 அன்று மத்திய அரசு தீர்ப்பாயத்துக்குப் போய் இயக்குநர் குழுவையே நீக்கும் உத்தரவு வாங்கியது. ஆபத்துகளைக் கவனிக்க வேண்டிய குழு 2015க்கும் 2018க்கும் இடையே ஒரே ஒரு முறைதான் கூடியது என்று அரசின் மனுவில் இருந்தது.

ஒரே ஒரு முறை. பவர் டேபிள்காரர்கூட வாரம் ஒரு தரம் சனிக்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். பார்க்காவிட்டால் திங்கட்கிழமை மெஷினில் ஆள் இருக்காது.

எல்.ஐ.சி.யின் பணம் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பாலிசி இல்லாத வீடு நல்லூரில் குறைவு. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கடன் பத்திரங்களைப் பல பி.எஃப். டிரஸ்டுகளும் வாங்கி வைத்திருந்தன. உயர்ந்த தரச் சான்று இருந்ததால் விதிப்படியே வாங்கினார்கள். குடம் பிடித்த தண்ணீருக்கும், கட்டிய பிரீமியத்துக்கும், பிடித்த பி.எஃப்.புக்கும் ஒரே மும்பை முகவரி. முதலாளி குடும்பம் சுரண்டாமல் பார்க்கத்தான் நிறுவன முதலீட்டாளர் வேண்டும் என்கிறது பாடப்புத்தகம். குடும்பமே இல்லாத இடத்தில் அவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள் என்பதே என் வாசிப்பு.

விழித்துக்கொண்ட பங்குதாரர்களும் கொங்கு நாட்டில் உண்டு. 1926இல் கரூரில் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. கரூர்ப் பக்கம் அதன் பங்குப் பத்திரத்தை நகையோடு பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் இருந்தன. பெரிய கடன்கள் வாராக் கடனாகி, 2019இல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் வந்து, இந்தியாபுல்ஸோடு இணையும் திட்டமும் நிராகரிக்கப்பட்டு, வங்கி தள்ளாடிக்கொண்டிருந்தது. 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இந்திய வங்கி வரலாற்றில் இப்படி ஒன்று அரிது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 17இல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை. 27இல் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைப்பு. டெபாசிட் தப்பியது. பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதப்பட்டது. அந்த ஓட்டை ஐந்து வருஷம் முன்னால் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கரூர்க்காரர் ஒருவரிடம் பேச்சை எடுத்துப் பாருங்கள், அரை நாள் போய்விடும்.

சரி, திருப்பூரில் கம்பெனிகளை உண்மையாகவே திருப்பியது யார்? கீழ்க்காட்டு விவசாயிகள். நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டப்பட்டு, சாயக்கழிவுத் தொட்டியானது. ஈரோடு, கரூர் மாவட்டங்களின் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று கெடு வைத்து, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பல ஆயிரம் பேருக்கு வேலை போனது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று 'ஜீரோ டிஸ்சார்ஜ் நகரம்' என்று திருப்பூர் பையரிடம் பெருமையாகக் காட்டும் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த உத்தரவுக்குப் பிறகே ஒழுங்காக ஓடத் தொடங்கின. அந்த விவசாயிகளிடம் எந்தச் சாயப்பட்டறையின் பங்கும் இல்லை.

இன்னொன்று தொழிலாளர் சங்கம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ஆலையின் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் பேசியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஈஸ்ட்மேனும் எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்ட 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது, கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. இதில் ஆடிட்டர் வந்துபோகும் வேலை பின்னால் போய்விட்டது. இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம் ஆலைக்குள்ளேயே கண்காணிப்பாளர்கள், அவர்களும் தொழிலாளிகளே. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அந்த ஒப்பந்தம் சட்டப்படி பிராண்டைக் கட்டியது. எந்தப் பொதுக்கூட்டத் தீர்மானமும் இதைப் பெற்றுத் தரவில்லை.

இந்திய ஒழுங்குமுறை ஒருமுறை நல்லூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பெரிய ஆயிரம் பட்டியல் கம்பெனிகள் சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரங்களை ஆண்டுதோறும் சொல்ல வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. அடுத்து, முதல் 250 கம்பெனிகள் தங்களுக்குச் சரக்குத் தருகிறவர்களின் விவரத்தையும் சேர்க்க வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. கணக்கில் வரும் சப்ளையர் மொத்தக் கொள்முதலில் 2 சதவீதமாவது தர வேண்டும் என்ற வரம்பும் உண்டு. வாடகை ஷெட்டில் இருபது மெஷின் ஓட்டுபவர் எந்தக் கம்பெனியின் 2 சதவீதத்திலும் வர மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை அக்காவைப் பார்த்தபோது பாதி பதிலாவது கையில் இருந்தது. மியூச்சுவல் ஃபண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் ஓட்டு விவரத்தை இணையதளத்தில் போட வேண்டும். ஒரு பட்டியலை இறக்கிப் போனில் காட்டினேன். ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கில் வரிகள். தேதி, கம்பெனி பெயர், தீர்மானம், நிர்வாகம் சொன்னது என்ன, நாங்கள் போட்டது என்ன, ஏன். 'ஆதரவு', 'ஆதரவு', 'ஆதரவு' என்று இறங்கி, நடுவில் எங்கோ ஒரு 'எதிர்ப்பு'. உங்கள் பணத்தை வைத்து உங்கள் பேரில் போட்ட ஓட்டுகள் இவை என்றேன். கட்டைவிரலால் கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இதுல நம்ம கம்பெனி இருக்குதுங்ளா?"

இல்லை என்றேன்.

"நம்ம பையர்?"

அதுவும் இல்லை, அது வெளிநாட்டுச் சந்தையில் இருக்கிறது.

போனைத் திருப்பிக் கொடுத்தார். காங்கேயம் பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன், திங்கட்கிழமை ஆடிட் இருக்கிறதாம், நாளைக்கு ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.